ஆறு கிழமையும் ஒரு ‘பரவாயில்லை’யும்

பெண்ணுடல் பற்றிப் புகலிடச் சஞ்சிகைகளில் நாம் குறைவாக எழுதவில்லை. 1990இல் ஜேர்மனியில் பெண்கள் சந்திப்பு தொடங்கிய காலத்திலிருந்து கற்பு, தாய்மை, சீதனம், வீட்டு வன்முறை, போர்க்காலப் பாலியல் வன்முறை என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அந்த எழுத்துகளில் கருப்பை அடிக்கடி வருகிறது. ஆனால் பெரும்பாலும் குறியீடாகவே வருகிறது. இனத்தைப் பெருக்கும் விளைநிலமாக, ஆண் உரிமைகோரும் சொத்தாக, பெண் மறுத்தெழும் களமாக. அதே கருப்பை நார்க்கட்டிகளாலோ ஓயாத இரத்தப்போக்காலோ சத்திரசிகிச்சை மேசையில் வெட்டி எடுக்கப்பட்டபின், வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் பெண் எத்தனையாம் நாள் மாடிப்படி ஏறுகிறாள், எத்தனையாம் நாள் அரிசிப்பையைத் தூக்குகிறாள், பார்க்க வந்தவர்களுக்கு யார் தேத்தண்ணீர் போடுகிறார்கள் என்பவை நமக்குக் கட்டுரைக்குரிய பொருள்களாகத் தோன்றவில்லை. கோட்பாட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் இவை சில்லறை விடயங்கள். ஒரு பெண்ணின் நேரம் யாருக்குச் சொந்தமானது என்ற கேள்வி இந்தச் சில்லறை விடயங்களுக்குள்தான் கிடக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே இக்கட்டுரைக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தை முதன்மைப் பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். இலக்கியப் பிரதிகள் அதன் பின்னால் வரும்.

பிரித்தானியாவின் மகப்பேற்று, பெண்நோயியல் மருத்துவர்களுக்கான றோயல் கொலிஜ், ‘நன்றாகத் தேறுதல்’ என்ற பொருள்படும் தலைப்பில் நோயாளர்களுக்கான பிரசுரங்களின் வரிசையொன்றை வெளியிட்டிருக்கிறது. வயிற்றை வெட்டிக் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு ஒன்று, யோனிவழிச் சத்திரசிகிச்சைக்கு ஒன்று, சிறுதுளைவழிச் சத்திரசிகிச்சைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் இவற்றை வாய்மொழியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது. இரத்தக் கசிவு சில கிழமைகள் இருக்கலாம், களைப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கும், காரணமின்றி அழுகை வரலாம், இவை வழமையானவை என்று நேர்மையாகச் சொல்கிறது. நாளுக்கு நாள், கிழமைக்குக் கிழமை எப்படி உணரலாம், எதைச் செய்யலாம் என்று ஒரு அட்டவணையும் இருக்கிறது. வயிற்றை வெட்டிச் செய்தால் முழுமையாகத் தேற ஏறக்குறைய ஆறு முதல் எட்டுக் கிழமை, மற்ற இரண்டு முறைகளுக்கும் பொதுவாகக் குறைவு. கார் ஓட்டுவதற்கு நாள் கணக்கைவிட, இருக்கைப்பட்டி வலிக்காமல், சடுதியாகப் பிறேக் போட இயலுமா என்பதே அளவுகோல். இது நல்ல அளவுகோல். உடலிடம் கேட்கச் சொல்கிறது, கலண்டரிடம் அல்ல. நமது வானொலிகளின் மருத்துவ நிகழ்ச்சிகளில் வருவதைவிட எவ்வளவோ மேலானது.

ஆயினும் ஒரு பிரதியாக அதனை வாசிக்கும்போது அதன் இலக்கணம் கவனத்திற்குரியது. அதன் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எழுவாய் ‘நீங்கள்’. நீங்கள் ஓய்வெடுங்கள். நீங்கள் பாரம் தூக்காதீர்கள். நீங்கள் குடும்பத்தவரிடமும் நண்பர்களிடமும் உதவி கேளுங்கள். தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடிய, தன் வீட்டில் தன் சொல் செல்லுபடியாகின்ற ஒரு தனிமனிதரை இது முன்னனுமானம் செய்கிறது. குடும்பம் இதில் வினை எதுவும் இல்லாமல், கேட்டால் கொடுக்கும் ஒரு கடைபோலப் பின்னணியில் நிற்கிறது. ‘உதவி கேளுங்கோ’ என்று நான் தமிழில் சொல்லும்போது பல பெண்கள் சிரிப்பார்கள். என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அந்த வாக்கியத்திற்கு அவர்களுடைய வீட்டில் எழுவாய் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாள்களில் இந்தப் பிரசுரத்தை வாசித்துச் சொல்பவர் கணவராகவோ, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையாகவோ இருக்கிறார். தன் தாயின் இரத்தக் கசிவைப் பற்றியும், எப்போது உடலுறவு கொள்ளலாம் என்பதைப் பற்றியும் அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். எஞ்சுவது ஒரு எண் மட்டும்: ஆறு கிழமை.

இந்த எண் வீட்டுக்கு வந்ததும் பொருள் மாறிவிடுகிறது. மருத்துவர் சொன்னது ஒரு சராசரி. அதிலும் கீழ் எல்லை. வீடு கேட்பது ஒரு தவணை. “ஆறு கிழமையிலை எல்லாம் சரியாம்” என்று தொலைபேசியில் செய்தி போகிறது. இந்த ‘ஆம்’ என்ற ஈற்றைக் கவனியுங்கள். யாரோ சொன்னதாக, யாரும் பொறுப்பேற்காததாக ஒரு தீர்ப்பு பரவுகிறது. ஏழாம் கிழமையிலும் அவள் படுத்திருந்தால் பிழை அவளுடையதாகிறது. சோம்பல், அல்லது மனப்பிரமை, அல்லது ‘அவவுக்கு இதைச் சாட்டி இருக்க விருப்பம்’.

உண்மையில் மிகவும் ஆபத்தான காலம் மூன்றாம் நான்காம் கிழமைகள் என்பது என் அவதானிப்பு. தோலின் மேலுள்ள காயம் அதற்குள் மூடிவிடுகிறது. பார்ப்பவர்கள் பார்ப்பது அதைத்தான். உள்ளே தசையைப் பிணைக்கும் இழையம் பலம்பெற மாதக்கணக்காகும். யோனியின் மேல்முனையில் போட்ட தையலோ யார் கண்ணுக்கும் தெரியாது. வலிக்குளிசை குறைந்திருக்கும். பார்க்க வருபவர்கள் நின்றுவிடுவார்கள். அப்போது ஒரு நல்ல நாள் வரும். காலையில் எழும்பும்போது உடம்பு இலேசாக இருக்கும். அன்றைக்கே அவள் அலுமாரியை ஒழுங்குபடுத்தி, உடுப்புத் தோய்த்து, இரண்டு கறி வைத்து, பின்னேரம் பிள்ளையைக் கூட்டிவரப் போய்விடுவாள். அடுத்த மூன்று நாள் எழும்பமாட்டாள். பிறகு குற்றவுணர்வு, பிறகு இன்னொரு நல்ல நாள், மீண்டும் அதே கூத்து. நல்ல நாளில் பாதியில் நிறுத்துவதுதான் தேறுதலின் கலை. களைத்தபின் ஓய்வெடுப்பது எவருக்கும் இயலும். களைக்க முன் நிறுத்துவதற்கு வீட்டிலுள்ள மற்றவர்களின் சம்மதம் வேண்டியிருக்கிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று கதிரையில் இருந்தால், அதற்கு விளக்கம் கேட்கப்படும்.

பிரசுரம் பாரம் தூக்குவதைப் பற்றிச் சொல்லும்போது கடைப்பைகள், குழந்தைகள், தூசுறிஞ்சி என்று ஆங்கிலேய வீடொன்றின் பாரங்களையே நினைக்கிறது. இடியப்ப உரல் அதில் இல்லை. உரலைப் பிழிபவர் கையால் மட்டும் பிழிவதில்லை, அடிவயிற்றை இறுக்கித்தான் பிழிகிறார் என்பது ஒருமுறை பிழிந்தவர்களுக்குத் தெரியும். பத்துக்கிலோ அரிசிப்பை, திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவது, இருபது பேருக்குச் சமைத்த கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவது எதுவும் இல்லை. இதற்கு றோயல் கொலிஜைக் குறைசொல்ல முடியாது. இந்த அட்டவணைக்கு ஒரு தமிழ் நிரலை நாம்தான் எழுதியிருக்க வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘ஏலாது’. யாழ்ப்பாணத்தில் ‘எனக்கு ஏலாது’ என்றால் அது முழுமையான வாக்கியம். என்ன வருத்தம், எவ்வளவு வருத்தம் என்ற சாட்சியம் அதற்குத் தேவையில்லை. மற்றது ‘பரவாயில்லை’. சுகம் விசாரிக்கும் எவருக்கும் சொல்லவேண்டிய விடை இதுதான் என்பது எழுதாத சட்டம். நெஸ்ரோமோல்ற்றும் திராட்சைப் பழமும் கொண்டு வருகிறார்கள். “இப்ப எப்பிடி?” என்கிறார்கள். “பரவாயில்லை” என்கிறாள். இந்தச் சொல்லோடு வந்தவரின் கடமை முடிகிறது, அவளுடைய கடமை தொடங்குகிறது. எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். பல வீடுகளில் தொலைபேசியில் இந்தச் சொல்லை அவளுக்குப் பதிலாகக் கணவரே சொல்லிவிடுவதும் உண்டு. என்ன சத்திரசிகிச்சை என்பதும் சொல்லப்படுவதில்லை, ‘வயித்திலை ஒரு சின்ன ஒப்பரேசன்’. பெயர் சொல்லப்படாத நோய்க்கு எவரும் ஓய்வு ஒதுக்கமாட்டார்கள். இரகசியம் காப்பாற்றப்படுகிறது, அதற்கான விலையை உடம்பு கட்டுகிறது.

மற்றவர்களின் நிம்மதிக்காக நோயாளி நடிக்க வேண்டியிருப்பதைப் பற்றி நான் வாசித்தவற்றில் மிகக் கூர்மையானது ஓட்றி லோர்ட் எழுதிய ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ (1980). அவருக்கு 1978இல் அகற்றப்பட்டது மார்பு, கருப்பை அல்ல. ஆயினும் வாதம் பொருந்துகிறது. சத்திரசிகிச்சைக்குப் பத்து நாளின்பின் மருத்துவரிடம் போகிறார். செயற்கை மார்பு வைக்கவில்லை. அது அங்கு வரும் மற்றவர்களின் மனத்தைரியத்துக்குக் கூடாது என்று தாதி கண்டிக்கிறார். லோர்ட் கேட்கிறார்: கண்ணை மூடிய பட்டியோடு திரியும் மோஷே தயானைப் பார்த்து யாராவது கண்ணாடிக் கண் வைக்கச் சொன்னார்களா? அவருடைய காயம் மரியாதைக்குரிய காயம்.

போரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகத்திலும் மார்பிலும் பட்டதற்கு ‘விழுப்புண்’ என்று சங்ககாலத்திலேயே பெயர் வைத்த மொழி நம்முடையது. புறமுதுகில் பட்ட புண்ணுக்குக்கூட வடக்கிருக்கும் அளவுக்குப் பொருள் இருந்தது. செல்விழுந்த காயத்தைச் சட்டையை உயர்த்திக் காட்டி ஒரு மாலைநேரம் முழுவதும் கதைக்கும் ஆண்களை நாம் எல்லோரும் அறிவோம், கேட்டும் இருக்கிறோம். அடிவயிற்றில் பத்துச் சென்ரிமீற்றர் தழும்போடு அடுத்த அறையில் தேத்தண்ணீர் போடுபவரின் காயத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை.

வேர்ஜீனியா வுல்ஃப் நோயுற்றிருப்பதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1926இல் ரி. எஸ். எலியட் ஆசிரியராக இருந்த சஞ்சிகையில் வந்தது. காதலைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் குவிந்திருக்கின்றன, தலையிடியைச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அதன் முறைப்பாடு. 2010இல் ஹிலறி மான்ரெல் தன் ஆஸ்பத்திரி அனுபவத்தை எழுதும்போது இந்த முறைப்பாட்டை எள்ளி நகையாடினார். வலிக்குச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன, வுல்ஃபின் காதில் அவை விழவில்லை என்பது அவர் கட்சி. இந்த விவாதத்தில் நான் மான்ரெல் பக்கம். தமிழிலும் குத்து, உளைவு, கடுப்பு, விறைப்பு, எரிவு, பிடிப்பு என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கேட்பவர்களுக்குத்தான். இன்னொன்று: வுல்ஃப் படுக்கையிலிருந்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் நெலி பொக்சோல் இருந்தார். அந்தக் கட்டுரை தனிநூலாக வந்த 1930இல் நெலியே நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் தேறிவந்த மாதங்களில், அவர் இல்லாத வீடு எவ்வளவு நிம்மதி என்பதை வுல்ஃப் கண்டுகொண்டார். 1934இல் நெலி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். நோயின் இலக்கியத்தை வாசிக்கும்போது தட்டத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்பது நல்லது.

மான்ரெலின் சுயசரிதம் ‘ஆவியைக் கைவிடல்’ 2003இல் வந்தது. மாணவியாக இருந்த காலத்திலிருந்தே தாங்கிய வலிக்கு மருத்துவர்கள் மனநோய்க் குளிசைகளைக் கொடுத்தார்கள். எழுத வேண்டாம் என்று ஒரு மனநல மருத்துவர் சொன்னதாகவும் பதிவுசெய்கிறார். பொட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது ஒரு மருத்துவப் பாடநூலைப் பார்த்துத் தன் நோய் என்டோமெற்றியோசிஸ் என்று தானே கண்டுபிடித்தார். 1979இல், 27 வயதில், லண்டனில் அவருடைய கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. நோயோ பிறகும் திரும்பி வந்தது. அந்த நூலில் தேறுதலுக்குத் தவணை இல்லை. பிறக்காத பிள்ளைகள் ஆண்டுகள் கழித்து ஆவிகளாக வீட்டுக்குள் வருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்து எழுதப்பட்ட துக்கம் அது.

ஆனால் மான்ரெலை வாசித்துவிட்டு, கருப்பை இழந்த ஒவ்வொருவரும் இப்படித் துக்கப்பட வேண்டும் என்று எண்ணுவதும் இன்னொரு எதிர்பார்ப்புத்தான். லூசில் கிளிஃப்ரன் 1991இல் வெளியிட்ட தொகுப்பில் தன் கருப்பையை விளித்து ஒரு கவிதை உண்டு. பழைய கூட்டாளியை வழியனுப்பும் தொனி அது. ஒருபுறம் ‘பெண்மையே போச்சு’ என்று கண்கலங்குபவர்கள், மறுபுறம் ‘இனித் தொல்லையில்லை, நிம்மதி’ என்பவர்கள். இரு பகுதியினரும் அவள் என்ன உணர வேண்டும் என்பதை வரும் வழியிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் சூலகங்களையும் அகற்றியிருந்தால் உடல் ஒரேயடியாக அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறது. அந்த வியர்வையும் நித்திரையின்மையும் எரிச்சலும் ஹோர்மோனின் வேலை. நம் வீடுகளில் அதற்குப் பெயர் ‘குணம் மாறிப்போச்சு’.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர், நமது மரபில் இதற்கெல்லாம் இடம் இருந்தது என்பார்கள். இருந்தது உண்மை. பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. பத்தியம் சில வீடுகளில் நாற்பத்தொரு நாளும் போகும். வேது குளிப்பு, காயச்சரக்கு, பால்சுறா வறை. நாற்பத்தொரு நாளும் பிரசுரத்தின் ஆறு கிழமையும் ஏறக்குறைய ஒரே கணக்கு என்பது சுவாரசியமானது. அந்த ஏற்பாட்டின் பெறுமதி, பெற்றவள் வாய்திறந்து உதவி கேட்கத் தேவையில்லை என்பது. நாளை ஊரே எண்ணியது. ஆனால் அந்த ஓய்வு யாருக்காக? பால்சுறா பாலுக்காக. ஓய்வின் உரிமையாளர் தொட்டிலில் இருந்தார். கருப்பையை இழந்து வருபவளிடம் காட்டுவதற்குத் தொட்டில் இல்லை, ஆகவே அவளுக்கு நாளும் இல்லை. அத்துடன் அந்த ஓய்வு தீட்டின்மேல் கட்டப்பட்டது. மருத்துவிச்சியும் கட்டாடியும் சாதிக்கடமையாகச் சுமந்தது. அதைக் கப்பலேற்றி இங்கு கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

படுக்கவைப்பதே கவனிப்பு என்ற எண்ணத்தையும் சந்தேகிக்க வேண்டும். சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் 1887இல் வியர் மிற்செல் என்ற நரம்பியல் மருத்துவரின் ‘ஓய்வு வைத்திய’த்துக்கு உள்ளானவர். பேனாவைத் தொடக்கூடாது என்பது கட்டளை. அதிலிருந்து பிறந்தது 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதை. அங்கு ஓய்வே சிறை. பேனாவைப் பறிக்கும் மருத்துவர் மான்ரெலின் காலத்திலும் இருந்தார் என்பதை மேலே கண்டோம். மருத்துவமும் இன்று படுக்கையை வலியுறுத்துவதில்லை. டென்மார்க்கின் ஹென்றிக் கேலெற் 1990களில் முன்வைத்த முறைகளின் வழியே, சத்திரசிகிச்சைக்கு மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். ஆகவே ‘நடக்கச் சொல்லிப்போட்டாங்கள்’ என்பதும் உண்மை, ‘சமைக்கச் சொல்லவில்லை’ என்பதும் உண்மை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் வீடுகள் ஒரே எட்டில் கடந்துவிடுகின்றன.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் கவலை என்று சொல்லக்கூடிய தோழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பார்க்கட்டும். அங்கு கரும்பு வெட்டுவதற்குக் கணவனும் மனைவியும் ஒரே அலகாக முற்பணம் கொடுத்துப் பிடிக்கப்படுகிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் தண்டம். 2019இல் மாநில அரசு அமைத்த குழு, விசாரித்த 82,000க்கு மேற்பட்ட பெண்களில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று கண்டது. மாதவிடாய் நாள்களும் நோய்நாள்களும் கூலியைத் தின்னக்கூடாது என்பதற்காக உறுப்பே அகற்றப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பட்ட கடனைத் தீர்க்க, தேறுமுன்னரே மீண்டும் வயலுக்கு. அவர்களுக்கும் நமக்கும் இடையில் தூரம் அதிகம். ஆனால் தேறும் நாளை யாருடைய கணக்கில் எழுதுவது என்ற கேள்வி ஒன்றுதான்.

இங்கு அந்தக் கணக்குக்குக் கடதாசிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் 2010இலிருந்து கொடுக்கப்படும் வேலைத் தகுதிச் சான்றிதழில் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்பதோடு, ‘பின்வரும் ஆலோசனைகளுடன் தகுதியாகலாம்’ என்ற இன்னொரு பெட்டியும் இருக்கிறது. அதன்கீழ் நான்கு: படிப்படியாகத் திரும்புதல், நேரமாற்றம், வேலைமாற்றம், இடத்தின் வசதியில் மாற்றம். முதியோர் இல்லங்களிலும் பெற்றோல் நிலையக் காசுமேசைகளிலும் நிற்கும் நமது பெண்களில் இந்த நான்கையும் கேட்டுப் பெற்றவர்களை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். தமிழ்க் கடைகளில் கையில் காசு வாங்கி வேலைசெய்பவர்களுக்குச் சான்றிதழே பயனற்றது. முதலாளி அண்ணை “ஆறுதலா வாங்கோ தங்கச்சி” என்று மனதாரச் சொல்வார். அந்த ஆறுதலுக்குச் சம்பளம் கிடையாது. நோர்வேயில் ஓர் உச்சவரம்புக்குள் ஓராண்டு வரை சம்பளம் குறையாமல் நோய்விடுப்பு எடுக்கலாம். எடுப்பவர்களைப் பற்றி அங்குள்ள நம்மவர்கள் பேசுவது வேறு கதை.

ஜேர்மனியில் சட்டப்படியான மருத்துவக் காப்புறுதி, தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் வீட்டில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வீட்டுவேலைக்கு ஒரு ஆளைக் கொடுக்கிறது. 2016இலிருந்து, பிள்ளை இல்லாவிட்டாலும், கடும் நோயின்போதும் சத்திரசிகிச்சையின் பின்னும் நான்கு கிழமை வரை பெறலாம். விண்ணப்பிக்க வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பித்தால் நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் வாழும் வேறொருவரால் வீட்டை நடத்த முடிந்தால் இந்த உதவி கிடையாது. படிவத்தில் அது ஒரு கேள்வியாகவே வருகிறது: வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவரால் ஏன் இந்த வேலைகளைச் செய்ய முடியாது? அந்தக் கோட்டில் எதை எழுதுவது என்று கணவர்கள் பேனாவுடன் நீண்டநேரம் இருப்பதாக அங்குள்ள தோழியர் சொல்கிறார்கள்.